அப்பாவின் சட்டைகளை வெட்டுவதற்கு முன்

ஒருவர் போன பிறகு அவருடைய துணிமணிகளை என்ன செய்வது என்ற கேள்வி எல்லா வீட்டுக்கும் ஒருநாள் வந்து சேர்கிறது. தேவைப்படுபவர்களுக்குக் கொடுத்துவிடலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள், நல்ல காரியம். அலமாரியில் அப்படியே விட்டும் வைக்கலாம். விட்டுவைத்தால் இருபது முப்பது வருஷம் கழித்து யாரோ ஒருவர் அதையெல்லாம் மூட்டை கட்டுவார், அது யாருடைய சட்டை என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. இன்னொரு வழி, வெட்டிச் சேர்த்துப் போர்வையாகத் தைத்துவிடுவது. எங்கள் வீட்டில் அதைத்தான் செய்தோம்.

இப்படித் தைக்கும் போர்வையை நினைவுப் போர்வை என்கிறார்கள். "துணியில் நினைவு தங்கியிருக்கும்" என்று இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. துணியில் கறை தங்கும், வாசனை கொஞ்ச காலம் தங்கும், தேய்மானம் தங்கும். அந்தக் கறை எப்போது பட்டது, ஏன் அந்த இடம் மட்டும் தேய்ந்தது என்பதெல்லாம் ஆட்களிடம்தான் இருக்கிறது. அந்த ஆட்களைப் பக்கத்தில் உட்காரவைத்துத் துணியைப் பிரித்து, அவர்கள் சொல்வதை எழுதிவைத்து, எழுதியதைப் போர்வையோடு சேர்த்தும் வைத்தால்தான் அது நினைவுப் போர்வை. இல்லையென்றால் இரண்டு தலைமுறைக்குள் அது யாரோ தைத்த ஒரு அழகான போர்வையாகிவிடும். எத்தனையோ போர்வைகளுக்கு அதுதான் நடந்திருக்கிறது.

1971-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் க்வில்ட் எனப்படும், துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த அமெரிக்கப் போர்வைகளை ஓவியம் மாதிரி சுவரில் மாட்டி ஒரு கண்காட்சி நடத்தினார்கள். ஜோனதன் ஹோல்ஸ்டைன், கெயில் வான் டெர் ஹூஃப் என்ற இருவர் சேகரித்து வைத்திருந்தவை. கட்டிலில் கிடந்த பொருளைக் கலை என்று உலகம் நிமிர்ந்து பார்த்ததற்கு அந்தக் கண்காட்சி ஒரு பெரிய காரணம். ஆனால் அங்கே தொங்கிய போர்வைகளில் பெரும்பாலானவற்றைத் தைத்த பெண்களின் பெயர் யாருக்கும் தெரியாது. நிறம் கண்ணுக்குத் தெரிகிறது, வடிவம் தெரிகிறது. யாருக்காகத் தைத்தாள், எந்தச் சட்டையைக் கிழித்தாள் என்பது அடியோடு போய்விட்டது. பத்து வருஷம் கழித்து, 1981-இல், கென்டக்கி மாநிலத்தில் வீடுகளில் இருக்கும் பழைய க்வில்ட்களைக் கொண்டுவரச் சொல்லிப் பதிவு செய்யும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். பிறகு மற்ற மாநிலங்களும் அந்த வேலையைக் கையில் எடுத்தன. பாட்டி உயிரோடு இருந்தபோது அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் விஷயத்தை, பின்னால் ஆராய்ச்சியாளர்கள் தேடித் தேடி எடுக்க வேண்டியதாயிற்று.

தைக்கத் தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. க்வில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே துண்டுகளை இணைத்துத் தைத்த முகத்துணி, நடுவில் தட்டையான பஞ்சு விரிப்பு, அடியில் ஒரே துணியாக ஒரு பின்துணி. மூன்றும் சேர்ந்து நகராமல் இருக்க மேலிருந்து கீழ்வரை ஊடுருவித் தைக்கும் தையலுக்குத்தான் க்வில்ட்டிங் என்று பெயர். கடைசியில் நாலு பக்கமும் ஒரு பட்டி வைத்து ஓரம் கட்டுவார்கள். துண்டுகளை இணைக்கும்போது தையலுக்கு விடும் ஓரம் கால் அங்குலம், அதாவது சுமார் 6 மில்லிமீட்டர். இந்த அளவில் மட்டும் கண்டிப்பாக இருந்துவிட்டால் மற்றதெல்லாம் பழகப் பழக வந்துவிடும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், அலபாமா ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர் இருக்கிறது. அங்கே அடிமைகளாக வேலை செய்தவர்களின் வழிவந்த பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கிழிந்த வேலைத் துணிகளில் போர்வை தைத்துவந்தவர்கள். 2002-இல் ஹூஸ்டனிலும் அதைத் தொடர்ந்து நியூயார்க்கிலும் அவர்களுடைய போர்வைகளைக் காட்சிக்கு வைத்த பிறகுதான் வெளியுலகம் அவர்களைப் பரவலாக அறிந்தது. அந்தப் போர்வைகளில் மிசௌரி பெட்வே 1942-இல் தைத்த ஒன்று என் மனதை விட்டுப் போவதே இல்லை. கணவர் இறந்த பிறகு, வயலில் அவர் போட்டு உழைத்த பேன்ட்டையும் சட்டையையும் பிரித்துத் தைத்தது. வெளுத்த நீலமும் சாம்பலும் மங்கிய வெள்ளையுமாகப் பெரிய பெரிய துண்டுகள். அவரை நினைத்துக்கொள்ளவும், அன்போடு போர்த்திக்கொண்டு படுக்கவும் இதைத் தைக்கப்போகிறேன் என்று அம்மா சொன்னதாக அவருடைய மகள் அர்லோன்சியா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். மகள் கூடவே இருந்து பார்த்தார், ஞாபகம் வைத்திருந்தார், கேட்டவர்களிடம் சொன்னார். அதனால்தான் அந்த நீலத் துண்டுகள் ஒரு மனிதருடைய உழைப்பு என்று இன்று நமக்குத் தெரிகிறது.

எங்கள் வீட்டுக்கு வருகிறேன். அப்பாவின் சட்டைகளைப் பிரிக்க உட்கார்ந்தபோது அம்மாவைக் கூப்பிட வேண்டாம் என்று அக்கா சொன்னாள். பார்த்தால் அழுவாள், எதற்கு அவளைக் கஷ்டப்படுத்த வேண்டும் என்பது அவள் நியாயம். நான் கூப்பிடத்தான் வேண்டும் என்றேன். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மா தானாக வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு சட்டையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். "எனக்கும் அந்தச் சின்னக் கத்தரியைக் குடு. பிரிக்கிறதுக்கு உங்களுக்குப் பொறுமை பத்தாது" என்றாள்.

அழவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கை வேலையில் இருந்ததால் பேச்சு நிற்காமல் வந்தது. இதை அன்றைக்குத்தான் கவனித்தேன். "அப்பாவைப் பத்திச் சொல்லும்மா" என்று போனை எதிரில் வைத்துக் கேட்டால் அம்மா இரண்டு வரியில் முடித்துவிடுவாள், அதுவும் எல்லோருக்கும் தெரிந்த இரண்டு வரி. மடியில் சட்டையும் கையில் கத்தரியும் இருந்தால், தையல் ஒவ்வொன்றாக விடுபட விடுபட அவளாகவே சொல்வாள். போனை ரெக்கார்டரில் போட்டுத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டோம்.

வெள்ளைச் சட்டை ஒன்றில் மேலிருந்து மூன்றாவது பொத்தான் மட்டும் கருநீல நூலில் தைத்திருந்தது. பொத்தானை எடுத்துவிடலாம் என்று, தையல் பிரிக்கும் சீம் ரிப்பரின் முனையை அதற்கு அடியில் நுழைத்தேன்.

"அதை எடுக்காதே."

ஏன் என்று கேட்டேன்.

"உங்கக்காவுக்குக் காய்ச்சல் கொதிக்குது. ராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டோம். அவளைத் தோள்ல தூக்கிப் போடுறார், பொத்தான் தெறிச்சு விழுந்துடுச்சு. வேற சட்டை மாத்துங்கன்னா கேக்கல. இருந்த ஊசியில நீல நூல்தான் கோத்திருந்துச்சு. சட்டையைக் கழட்டாமலே நின்னபடி தைச்சுவிட்டேன். அப்புறம் வெள்ளை நூல்ல மாத்தித் தர்றேன்னு எத்தனையோ வாட்டி சொன்னேன், இருக்கட்டும்னுட்டார்."

அக்கா கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள். காய்ச்சலில் கிடந்தவள் அவள்தான், அவளுக்கே இது தெரியாது. அந்தச் சட்டையை அப்பா போட்டு நாங்கள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். ஒரு பொத்தான் நீல நூலில் இருப்பது எங்கள் கண்ணில் பட்டதே இல்லை. அம்மா அந்த நேரத்தில் அறையில் இல்லாமல் போயிருந்தால் பொத்தான் டப்பாவுக்குள் விழுந்திருக்கும், நூல் குப்பைக்குப் போயிருக்கும்.

பிரிக்கப் பிரிக்கத் துணியும் தன் பங்குக்குச் சிலதைக் காட்டியது. நீலச் சட்டையின் பையைப் பிரித்து எடுத்ததும் அதற்கடியில் பை அளவுக்கு ஒரு கட்டம், வெயிலே படாத ஆழ்ந்த நீலத்தில் இருந்தது. சுற்றிலும் வெளுத்துச் சாம்பலாகிப்போன துணி. அப்பா வாங்கிய அன்று சட்டை முழுக்க அந்த நிறம்தான். எங்களுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அது சாம்பல் சட்டை. இடதுகை மணிக்கட்டுப் பட்டியின் உள்பக்கம், எல்லாச் சட்டையிலும், ஒரே இடத்தில் நூல்நூலாகத் தேய்ந்திருந்தது. வலதுகையில் அப்படி இல்லை. உலோகப் பட்டை வைத்த கைக்கடிகாரம் உரசிய தடம் அது. கடிகாரம் எப்போதோ தொலைந்துபோய்விட்டது. வெளுக்காத அந்தக் கட்டத்தையும் தேய்ந்த பட்டிகளையும் வீணாக்காமல் போர்வையின் முகத்துணியில் வைத்தோம். துணிக் கணக்குப் பார்க்கிறவர்கள் தேய்ந்த இடத்தை ஒதுக்கிவிட்டு நல்ல இடத்தை எடுப்பார்கள். நினைவுப் போர்வைக்கு நான் நேர்மாறாகச் சொல்வேன். தேய்ந்த இடத்துக்குப் பின்னால் மெல்லிய மஸ்லினோ, இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் கேன்வாஸோ வைத்துத் தைத்தால் அது பல காலம் தாங்கும்.

எழுதிவைப்பதற்கு எங்களுக்குக் கைகொடுத்த முறையைச் சொல்கிறேன். பிரித்த ஒவ்வொரு துண்டிலும் எண் எழுதிய சின்னச் சீட்டு ஒன்றைக் குண்டூசியால் குத்திவிடுவோம். அதே எண்ணை ஒரு நோட்டில் எழுதி, எந்தச் சட்டை, எந்த இடம், அம்மா என்ன சொன்னாள் என்று இரண்டு மூன்று வரி. வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு சட்டையையும் முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்துவிட வேண்டும். வெட்டிய பிறகு முழுச் சட்டை திரும்பி வராது. போர்வையைத் தைத்து முடித்ததும் ஒரு தாளில் அதன் கட்டங்களை வரைந்து, எண்களை அந்தந்தக் கட்டத்தில் எழுதினோம். நோட்டும் அந்த வரைபடமும் இருந்தால் எங்களைப் பார்த்தே இராத ஒருவர்கூட அந்த வெள்ளைத் துண்டில் விரல் வைத்து, இது காய்ச்சல் ராத்திரி என்று சொல்லிவிடலாம்.

எழுதிவைப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஹாரியட் பவர்ஸைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை. 1837-இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். பைபிள் கதைகளைத் துணியில் உருவங்களாக வெட்டிப் பதித்து ஒரு போர்வை தைத்தார். 1886-இல் ஏதென்ஸ் நகரத்தில் நடந்த பருத்திக் கண்காட்சியில் அதைப் பார்த்த ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார். பவர்ஸ் தர மறுத்துவிட்டார். சில வருஷம் கழித்துப் பணமுடை நெருக்கியபோது பவர்ஸே கொண்டுவந்து 10 டாலர் கேட்டார், 5 டாலர்தான் கிடைத்தது. கொடுத்துவிட்டுப் போகும் முன் ஒவ்வொரு கட்டமும் என்ன கதை என்று விளக்கினார், ஸ்மித் எழுதிக்கொண்டார். பிறகும் தன் போர்வையைப் பார்க்க பவர்ஸ் சில தடவை வந்துபோனாராம். அந்தப் போர்வை இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் தைத்ததில் இன்று இருப்பது இரண்டே இரண்டு, மற்றொன்று பாஸ்டனில். அந்தக் குறிப்புகளைப் படிக்கும்போது எனக்கு மனம் கனத்துப்போகிறது. பிரிய மனமில்லாத பொருளைப் பாதி விலைக்குக் கொடுத்த நாளில்கூட, அதன் கதையைச் சொல்லாமல் அவர் கிளம்பவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் ராஜா க்வில்ட். 1841-இல் 'ராஜா' என்ற கப்பலில் 180 பெண் கைதிகளை இங்கிலாந்திலிருந்து இன்றைய டாஸ்மேனியாவுக்கு நாடுகடத்தினார்கள். சிறைச் சீர்திருத்தத்துக்காகப் பாடுபட்ட எலிசபெத் ஃபிரையின் சங்கத்துப் பெண்கள் கொடுத்தனுப்பிய துணியும் நூலும் ஊசியும் வைத்துக்கொண்டு, பயணத்தின்போது அவர்களில் சிலர் 2,815 துண்டுகளில் ஒரு பெரிய விரிப்பைத் தைத்தார்கள். உதவிய சீமாட்டிகளுக்கு நன்றி சொல்லும் வாசகம் அதன் ஓரத்தில் இருக்கிறது, கப்பல் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது. தைத்த கைதிகள் ஒருவர் பெயரும் இல்லை. அந்த விரிப்பு காணாமல் போய், 1987-இல் ஸ்காட்லாந்தில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்து, இப்போது ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதில் சில இடத்தில் தையல் அவ்வளவு நேர்த்தி, சில இடத்தில் ஊசி பிடிக்கவே அப்போதுதான் கற்றுக்கொண்ட கை. இரண்டு கையும் யாருடையது என்று இனி சொல்ல முடியாது.

அதே கைதி வாழ்க்கையில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்த பிறகு சாங்கி சிறையில் அடைபட்ட பெண்கள் மூன்று க்வில்ட் தைத்தார்கள். எத்தல் மல்வேனி என்ற கனடியப் பெண்மணியின் யோசனை. ஒவ்வொருவருக்கும் ஆறு அங்குலச் சதுரமாக ஒரு வெள்ளைத் துணி. உன்னைப் பற்றி ஏதாவது அதில் தை, உன் பெயரையும் தை. ஒரு போர்வைக்கு 66 சதுரம். காயப்பட்ட படைவீரர்கள் இருந்த மருத்துவமனைக்கு என்று சொல்லி அனுப்பினார்கள். கணவன் உயிரோடு இருக்கிறானா என்று மனைவிக்குத் தெரியாது, மனைவி எங்கே என்று கணவனுக்குத் தெரியாது. கடிதத்துக்கு வழியில்லாத இடத்தில், துணியில் இருந்த பெயர் போய்ச் சேர்ந்தது.

1987 அக்டோபரில் வாஷிங்டனில் விரித்த எய்ட்ஸ் நினைவு க்வில்ட்டிலும் பெயர்தான் முக்கியம். ஒவ்வொரு துண்டும் 3 அடிக்கு 6 அடி, கிட்டத்தட்ட ஒரு கல்லறையின் அளவு. அன்று 1,920 துண்டுகள், இன்று ஏறக்குறைய 50,000. துண்டைத் தைத்து அனுப்பியவர்கள் அதோடு கடிதங்களையும் புகைப்படங்களையும் அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் காகிதங்களை அமெரிக்க காங்கிரஸ் நூலகம் பொறுப்பேற்றுக்கொண்டது. துணிக்குக் கொடுக்கும் அதே மரியாதையைக் கூட வந்த கடிதத்துக்கும் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுப் போர்வைக்கும் நான் கேட்பது அவ்வளவுதான்.

ஆகவே லேபிள். பின்துணியின் ஒரு மூலையில், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பருத்தித் துணி. அதில் "அப்பாவின் சட்டைகள்" என்று மட்டும் எழுதிவிட்டால் போதாது. எழுதியவருக்குத்தான் அவர் அப்பா. போர்வை கைமாறினால் யாருடைய அப்பா என்று கேட்க ஆள் இருக்காது. முழுப்பெயர், பிறந்த வருஷம், இறந்த வருஷம், எந்தத் துணிகளில் தைத்தது, யார் தைத்தார்கள், யார் சொன்ன விவரங்கள், எந்த வருஷம் முடிந்தது, எழுதிய நோட்டு எங்கே இருக்கிறது, இத்தனையும் வேண்டும். சாதாரண ஸ்கெட்ச் பேனா முதல் துவைப்பிலேயே ஓடிவிடும். துணிக்கென்று விற்கும் பிக்மென்ட் மைப் பேனாவில் எழுதி இஸ்திரி போட்டால் நிற்கும். அதுவும் வெயிலில் மங்கத்தான் செய்யும் என்பதால் பெயரையும் வருஷங்களையும் மட்டுமாவது நூலில் தைத்துவிடுங்கள். நெளிவு அதிகமுள்ள தமிழ் எழுத்துக்குச் சங்கிலித் தையலைவிடப் பின்தையல் அழகாக விழுகிறது, சுழியில் நூல் தடிக்காது. இன்னொன்று, லேபிளைப் பின்துணியில் முன்கூட்டியே வைத்துத் தைத்துவிட்டு அதன் பிறகு க்வில்ட்டிங் போடுங்கள். மூன்று அடுக்கையும் இணைக்கும் தையல் லேபிளின் மேலேயும் ஓடும். பிற்பாடு யாரும் லேபிளை மட்டும் பிரித்து எடுத்துவிட முடியாது.

துணி வகையில் கவனம் வேண்டும். வீட்டில் இருப்பது ஒரே மாதிரித் துணியாக இருக்காது. பருத்திச் சட்டை, பாலியெஸ்டர் கலந்த சட்டை, பனியன் துணி, பட்டு எல்லாம் கலந்து வரும். பனியன் துணி இழுத்தால் நீளும். பின்னால் கேன்வாஸ் ஒட்டாமல் வெட்டினால் சதுரம் சதுரமாகவே இருக்காது. பாலியெஸ்டர் சூட்டில் சுருங்கிப் பளபளத்துவிடும், மேலே ஒரு துணி போட்டு மிதமான சூட்டில் தேய்க்க வேண்டும். அடர்சிவப்பு, அடர்நீலம் எதுவானாலும் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தனியாகப் பலமுறை அலசி, ஓடுவது நின்ற பிறகே சேர்க்க வேண்டும். பஞ்சு விரிப்பு பருத்தியாக இருந்தால் முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். பழைய க்வில்ட்களில் தெரியும் அந்த மெல்லிய சுருக்கம் அப்படி வந்ததுதான். எனக்கு அது பிடிக்கும். பிடிக்காதவர்கள் விரிப்பை முன்பே நனைத்து உலர்த்திக்கொள்ளலாம்.

பட்டு மட்டும் தனிக்கதை. கச்சாப் பட்டிலிருந்து பசையை நீக்கினால் எடையில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு போய்விடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த இழப்பை ஈடுகட்ட வெள்ளீயம், இரும்பு போன்றவற்றின் உப்புகளைப் பட்டில் ஏற்றினார்கள். 1880-களில் மேலைநாடுகளில் ஒழுங்கில்லாத வடிவப் பட்டுத் துண்டுகளில் தைத்த 'கிரேஸி க்வில்ட்'கள் பல, பெட்டியை விட்டே வெளியே வராமல் இருந்தும் இழை இழையாக உடைந்துபோனதற்கு அதுதான் காரணம். உங்கள் வீட்டுப் பழைய பட்டு மடிப்பில் விண்டு வருகிறதென்றால் அதைப் போர்வையில் வைக்க வேண்டாம். கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துவிடலாம்.

வெட்டவே மனம் வராதவர்களுக்கும் வழி இருக்கிறது. வங்காளத்துக் காந்தா என்ற தையல் முறையில் தேய்ந்த சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, அப்படியே ஓட்டுத் தையலால் நெருக்கி நெருக்கித் தைத்துவிடுவார்கள். தைக்கும் நூலைக்கூட முன்பெல்லாம் சேலைக் கரையிலிருந்து உருவி எடுத்தார்கள். கர்நாடகத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவுந்தி என்ற போர்வையில் ஓரத்திலிருந்து தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போவார்கள். நாலு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து வைத்தால்தான் அவர்களுக்குக் கவுந்தி முழுமை பெறும், அதைப் பூ என்பார்கள். அளவுகோல், கட்டம் எதுவும் இல்லாமல் கையோட்டத்தில் வருவது. முதல்முறை தைப்பவர்களுக்கு நான் காந்தா முறையைத்தான் சொல்வேன்.

எல்லாவற்றையும் தைத்துவிட வேண்டும் என்பதும் இல்லை. அப்பா கடைசி மாதங்களில் போட்டிருந்த தொளதொளப்பான சட்டைகள் இரண்டு இருந்தன. அக்கா அதையும் சேர்க்கச் சொன்னாள். "அதுவும் அப்பாதானேம்மா." அம்மா ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த நாளை நான் போத்திக்கிட்டுப் படுக்க முடியாது" என்றாள். சேர்க்கவில்லை. நோட்டில் மட்டும், இந்த இரண்டு சட்டைகள் இருந்தன, அம்மா சொன்னதால் வைக்கவில்லை என்று எழுதினோம். அப்பாவுக்கு மிகவும் பிடித்த ஒரு சட்டையை வெட்டாமல் முழுதாக மடித்து வைத்திருக்கிறோம்.

யாருக்கு என்ற கேள்வியை வெட்டுவதற்கு முன்பே பேசிவிடுவது உத்தமம். பெரிய போர்வை ஒன்றாகத் தைக்கத்தான் அக்காவுக்கு ஆசை. அப்படித் தைத்தால் அது ஒரு வீட்டில் தங்கிவிடும், மற்ற வீட்டில் ஏக்கம் தங்கிவிடும். மடிமேல் போட்டுக்கொள்ளும் அளவில் மூன்றாகத் தைத்தோம், மூன்றிலும் வெட்டிய எல்லாச் சட்டையும் உண்டு. நீல நூல் பொத்தான் யாருடையதில் என்று கேட்கவே தேவை இருக்கவில்லை. அது அக்காவுடையதில் இருக்கிறது.

தைத்த போர்வையைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள், பயன்படுத்துங்கள். நேர் வெயில் படாமல், குளிர்ந்த நீரில் மென்மையான சோப்பில் அலசி, தொங்கவிடாமல் விரித்து உலர்த்தினால் அது உங்களைவிட அதிக காலம் இருக்கும். எடுத்து வைக்க வேண்டிய நாட்களில் பிளாஸ்டிக் பை கூடாது, மரப் பலகைமேல் நேராகவும் வைக்கக் கூடாது, மரத்திலிருந்து கசியும் அமிலம் துணியை மஞ்சளாக்கிவிடும். துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்து வேறு இடத்தில் மடியுங்கள், ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டில்தான் முதலில் கிழியும். புழங்குகிற போர்வையில் ஓரப்பட்டி முதலில் தேயும். அது மாற்றக்கூடியதுதான், பழைய பட்டியைப் பிரித்துப் புதிதாக வைத்துக்கொள்ளலாம். அதற்காகவும் ஒட்டுப் போடவும் மிஞ்சிய சட்டைத் துண்டுகளை எண் சீட்டோடு ஒரு துணிப்பையில் போட்டு வைத்திருக்கிறோம்.

இப்போது அம்மா தன்னுடைய சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்க ஆரம்பித்திருக்கிறாள். தான் இருக்கும்போதே தைக்க வேண்டுமாம். "நான் போனப்புறம் நீங்க ரெண்டு பேரும் உக்காந்து எதை எங்கே வாங்கினதுன்னு சண்டை போடுவீங்க" என்கிறாள். புது நோட்டு வாங்கியாயிற்று. நேற்று ஒரு மஞ்சள் சேலையை நான் நடுக்கட்டத்துக்கு என்று எடுத்து வைத்தேன், நல்ல துணி, நிறமும் அப்படியே இருக்கிறது. அம்மா அதை எடுத்து ஓரமாகப் போட்டாள். "அதை நடுவுல வைக்காதே, எனக்கு அந்தக் கலரே பிடிக்காது. உங்கத்தை ஆசையா வாங்கிட்டு வந்தாங்க, அவங்க மனசு நோகக் கூடாதேன்னு கட்டினேன். ஓரத்துல வை. இதையும் எழுதிக்கோ."